காரணம்: இரண்டு வரிக்குள்

பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில்
தந்த படிவத்தில் ஒரு பெட்டி:
வியாபாரத்தை மூடுவதற்கான காரணம்.
அதற்குள் இரண்டு கோடு.
பேனை என்னிடம். பங்காளிகளில்
ஒருவன் டோஹாவில், ஒருவன் மாத்தறையில்,
ஒருவன் கிண்ணியாவில் கல்யாணக் கார்ட் அடிக்கிறான்.

தொடங்கியது டொக்யார்ட் வீதியில்,
ரயர்க் கடைக்கு மேல்மாடி.
கீழே காற்றடிக்கிற மெஷின் உதறினால்
மேலே நாலு திரையும் நடுங்கும்.
யுகேந்திரன் நிரல். நஸ்மீர் படம்.
இசுறு ஒலி.
நான் கணக்கு, அத்தோடு
விளையாடித் தோற்றுக் காட்டுவது.

முதல் வருடம்
சைப்பிரசில் யாருக்கோ பழம் வரைந்தோம்.
நூற்றுப்பத்துச் செர்ரி வரைந்தான் நஸ்மீர்,
ஒன்றுகூடத் தின்று பார்க்காதவன்.
அது சூதாட்டப் பொறிக்கென்று தெரிந்த அன்று
தன் பங்குக் காசைத் தொடாமல் எழும்பிப் போனான்.
பதினெட்டாயிரத்து நானூறு.
இன்னும் பேரேட்டில் அவன் பெயருக்கு நேரே
நிற்கிறது.

பிறகுதான் மான்.
இந்த ஊர் மானுக்குக் காடு வேண்டாம்,
பஸ் நிலையம் போதும்.
லஞ்ச் சீற்றோடு சேர்த்துச் சோற்றை மெல்லும்.
கோட்டை வாசலில் இருந்து உவர்மலை வரை
ஓர் இரவில் அது நடந்து சேர வேண்டும்,
பொலித்தீன் தின்றால் உயிர் குறையும்,
அவ்வளவுதான் கேம்.
மா ஆலையின் இரைச்சலைப் பதிந்து
தலைகீழாக ஓட்டி
மழையாக்கினான் இசுறு.

மூன்றாம் கட்டத்தில் ஒரு சோதனைச்சாவடி.
எப்படி விளையாடினாலும் மானை விடவில்லை.
ஒன்பது நாள் பிழை தேடினோம்.
பத்தாம் நாள் யுகேந்திரன் சொன்னான்:
பிழை இல்லை, அப்படித்தான் எழுதினேன்.
இசுறுவின் அண்ணன்
அப்படியொரு சாவடியில் துவக்கோடு நின்றவன்.
ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு
படியிறங்கிப் போனான் இசுறு.
ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.
அரை மணித்தியாலத்தில் வந்தான்,
நாலு பிளேன்ரீயோடு, ஆறிப்போய்.
சாவடியை எடுத்தோம்.
ஒரு வெறும் கதிரையை மட்டும் விட்டோம்.
மான் அதை மோந்துவிட்டுப் போகும்.

இறக்கியவர்கள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு பேர்.
கடலில் ஒரு பிழை இருந்தது, உண்மையான பிழை:
மான் தண்ணீரில் இறங்கினால் மூழ்காது,
நடந்துகொண்டே போகும்.
பிரேசிலில் இருந்து ஒருவர் எழுதினார்:
இரண்டு மணித்தியாலமாக நடக்கிறேன்,
மற்றக் கரை எப்போது வரும்?
பதிலும் போடவில்லை, திருத்தவும் இல்லை.

கரண்ட் பதின்மூன்று மணித்தியாலம் நின்ற பங்குனியில்
யூ.பி.எஸ். எட்டு நிமிடம் தாங்கும்.
எட்டு நிமிடம் எட்டு நிமிடமாக
இரண்டாவது கேமை எழுதினான் யுகேந்திரன்.
கட்டாருக்கு விண்ணப்பமும்
அந்த எட்டு நிமிடங்களில்தான் எழுதினான்,
எனக்குப் பிறகுதான் தெரியும்.
நஸ்மீர் பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்று
முன்னால் நின்ற முதுகுகளை எல்லாம்
போனில் வரைந்து அனுப்பினான்.
அந்தக் கோப்பின் பெயர்
வரிசை_கடைசி_கடைசி2.

காரணம் என்ன எழுத என்று கேட்டேன்.
நட்டம் என்று போடுங்க,
எல்லாரும் அதைத்தான் போடுறது என்றார் லிகிதர்.
ஆனால் கணக்கில் மிச்சம் இருக்கக்கூடாதாம்.

கிண்ணியாவுக்கு அழைத்தேன்.
பள்ளிக்குக் குடுக்காத, அது ஆகாத காசு,
ரயர்க் கடைக்காரருக்கு
நாங்க வைச்ச கரண்ட் பில்லைக் கட்டிவிடு என்றான் நஸ்மீர்.
பின்னால் அச்சு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டினேன்.
கிரீஸ் விரலால் ரசீது எழுதித் தந்தார்.
எங்கள் பதிவுப் பெயர்
கிழக்கு இடையாடல் தீர்வுகள்.
அவர் எழுதியிருந்தது: மான் கொம்பனி.

பெயர் பிழை, எடுக்க ஏலாது,
திங்கள் திருத்திக்கொண்டு வாங்க என்றார் லிகிதர்.

இன்றைக்கு வியாழன்.
திங்கள் மட்டும் நாங்கள்
திறந்திருக்கிறோம்.